எதைப் பற்றிய யதார்த்தவாதி? ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம்: ஒரு சொல்லின் வழியே ஒரு மதிப்புரை

ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது 'ரியலிஸ்ட்' (realist) என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வந்தது. முதல் இடத்தில் அது வெளியுறவுக் கொள்கை வகுப்பவர் ஒருவரைக் குறித்தது. இரண்டாவதில் ஒரு கணித அறிஞரை. மூன்றாவதில் ஓர் ஓவியரை. அகராதி காட்டிய வழியில் மூவரையும் 'யதார்த்தவாதி' என்றே எழுதிவிட்டு மறுநாள் படித்துப் பார்த்தபோது, இரண்டாவது வாக்கியம் கேலியாக மாறியிருந்தது. 'எண்கள் மனித மனத்துக்கு வெளியே, காலத்துக்கும் இடத்துக்கும் அப்பால் உண்மையாகவே இருக்கின்றன என்று நம்பிய யதார்த்தவாதி' என்று எழுதினால், தமிழில் படிப்பவர் அதை ஒரு குத்தலாகத்தான் எடுத்துக்கொள்வார். மூலத்திலோ குத்தல் துளியும் இல்லை. அங்கே அந்தச் சொல் மிகச் சரியான கலைச்சொல்லாகவே நின்றது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகச் சில வாரங்கள் ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சேவையை இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மதிப்பிடுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் நம் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'யதார்த்தம்' என்பதன் வேர்ப்பொருள் 'பொருள் எப்படியோ அப்படி' என்பதாகும். பழைய இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான நியாயத் தரிசனத்தார் பொருளை உள்ளபடியே பற்றும் அனுபவத்தை 'யதார்த்தம்' என்றார்கள். கயிற்றைக் கயிறாகக் காண்பது யதார்த்தம், பாம்பாகக் காண்பது அயதார்த்தம். ஆனால் பேச்சுத்தமிழில் இந்தச் சொல் வேறு திசைகளில் போய்விட்டது. யதார்த்தமான மனிதர் என்றால் சூதுவாது அறியாதவர். யதார்த்தமாகச் சொன்னேன் என்றால் உள்நோக்கம் எதுவும் இல்லாமல் சொன்னேன் என்று பொருள். 'யதார்த்தவாதி வெகுசன விரோதி' என்ற பழமொழியில் வருபவர், ஊரே முகம் சுளித்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறவர். அரசியல் கட்டுரைகளில் வரும் யதார்த்தவாதியோ நிலைமைக்குத் தக்கபடி கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறவர். பழமொழியின் யதார்த்தவாதி வளைய மறுப்பவர், அரசியல் கட்டுரையின் யதார்த்தவாதி வளையத் தெரிந்தவர் என்பதைப் பார்த்தால், ஆங்கிலச் சொல்லைக் குறை சொல்லும் முன் நம் சொல்லே எவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்பது விளங்கும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸால்டா என்ற மெய்யியலாளர் 1995ஆம் ஆண்டு தொடங்கிய இந்த இணையக் கலைக்களஞ்சியத்தைப் படிப்பதற்குக் கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. ஒவ்வொரு தலைப்பையும் பெரும்பாலும் அந்தத் துறையில் பணியாற்றும் அறிஞர் ஒருவர் தம் பெயரோடு எழுதுகிறார். துறைப் பதிப்பாசிரியர்கள் அதைச் சோதித்த பிறகே வெளியிடுகிறார்கள். எழுதியவரே பின்னாளில் திருத்தியும் தருகிறார். முதலில் வெளியான நாளும் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்ட நாளும் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் இருக்கின்றன. ஆண்டுக்கு நான்கு முறை முழுக் களஞ்சியத்தையும் அன்றைய நிலையிலேயே படியெடுத்துக் காப்பகத்தில் வைத்துவிடுவதால், ஒரு பழைய பதிப்பை மேற்கோள் காட்டியவர் அந்தப் பக்கம் இன்று மாறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திருத்தும் களஞ்சியங்களுக்கும், அச்சேறிய பின் அசையாத நூல்களுக்கும் நடுவில் இது கண்டுகொண்ட இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நான் தேடிய சொல்லை இட்டால் ஒரு கட்டுரை அல்ல, ஒரு கூட்டமே வருகிறது: பொதுவான யதார்த்தவாதம், அறிவியல் யதார்த்தவாதம், அமைப்பு யதார்த்தவாதம், அற யதார்த்தவாதம், அதை மறுக்கும் வாதம், பன்னாட்டு உறவுகளில் அரசியல் யதார்த்தவாதம் என்று வரிசை நீளும். முதல்முறை வருபவர் திகைத்துப்போவார். அலெக்ஸாண்டர் மில்லர் எழுதிய பொதுக் கட்டுரையிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நான் சொல்வேன்; ஆனால் அதை முழுவதும் படித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதன் முதல் சில பத்திகளே பெரும் பயன் தரக்கூடியவை.

மேசை, பாறை, நிலா என்ற மூன்று எளிய பொருள்களை வைத்து மில்லர் தொடங்குகிறார். இவற்றைப் பற்றி யதார்த்தவாதியாக இருப்பதில் இரண்டு கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. இவை இருக்கின்றன, இவற்றுக்கு இன்னின்ன பண்புகள் உள்ளன என்பது முதல் கூற்று; இருப்பைப் பற்றியது. நாம் என்ன நம்புகிறோம், எந்த மொழியில் பேசுகிறோம், எப்படி வகைப்படுத்துகிறோம் என்பவற்றைச் சார்ந்து அந்த இருப்பு அமையவில்லை என்பது இரண்டாவது, சார்பின்மையைப் பற்றியது. தச்சர் ஒருவர் நினைக்காவிட்டால் மேசை வந்திராதே என்று ஒருவர் கேட்கலாம். அது சாதாரண உலகியல் சார்பு மட்டுமே என்று மில்லர் முன்கூட்டியே விலக்கிவைத்துவிடுகிறார்: மேசை உருவானதற்குத் தச்சரின் எண்ணம் காரணமாக இருக்கலாம், ஆனால் உருவான பின் அது சதுரமாக இருப்பது அவருடைய எண்ணத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை.

இந்த இரண்டு கூற்றுகளைப் பிரித்துக் காட்டியதுதான் இந்தக் கட்டுரை எனக்குச் செய்த பேருதவி. யதார்த்தவாதத்தை மறுப்பவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்களில் சிலர் இருப்பையே மறுக்கிறார்கள். வேறு சிலர் இருப்பை ஏற்றுக்கொண்டு சார்பின்மையை மறுக்கிறார்கள். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (இது மில்லரின் எடுத்துக்காட்டு அல்ல, என்னுடையது). பணம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது பணம் என்று மனிதர் அனைவரும் நம்புவதை நிறுத்திய மறுகணம் அந்தத் தாள் வெறும் தாளாகிவிடும். இருப்பு உண்டு, சார்பின்மை இல்லை. அறத்தைப் பற்றி ஜே. எல். மேக்கி 1977இல் முன்வைத்தது இதற்கு நேர்மாறான மறுப்பு: அறக்கூற்றுகள் உலகில் உள்ள ஏதோ ஒன்றைச் சுட்டுவதாகவே நாம் பேசுகிறோம், ஆனால் அவை சுட்டும்படி அங்கே எதுவும் இல்லை, ஆகவே அப்பேச்சு முழுவதும் பிழை என்றார். ஏ. ஜே. ஏயர் 1936இல் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியிருந்தார். அறக்கூற்று எதையும் சுட்ட வரவேயில்லை, பேசுபவரின் மனப்பாங்கை வெளிப்படுத்தத்தான் வந்தது என்பது அவர் கருத்து. அறத்தையும் பணத்தைப் போலவே கருதுபவர், மேக்கி, ஏயர் ஆகிய மூவரும் அற யதார்த்தவாதத்தை மறுப்பவர்களே. ஆனால் மூவரையும் ஒரே அறையில் அடைத்தால் அரைமணி நேரத்தில் சண்டை வந்துவிடும்.

இதிலிருந்து வரும் இன்னொரு தெளிவு, யதார்த்தவாதி என்பது ஆளுக்கு ஒட்டும் பட்டம் அல்ல என்பது. ஒருவர் பாறைகளைப் பற்றி யதார்த்தவாதியாகவும், எண்களைப் பற்றி அப்படி அல்லாதவராகவும், அழகைப் பற்றி இன்னும் முடிவு செய்யாதவராகவும் இருப்பதில் முரண்பாடு இல்லை. ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், அனுபவ உலகைப் பொறுத்து யதார்த்தவாதி என்றும் அனுபவத்துக்கு முற்பட்ட நிபந்தனைகளைப் பொறுத்துக் கருத்துமுதல்வாதி (மனத்தைச் சார்ந்தவை என்பவர்) என்றும் தம்மை ஒரே மூச்சில் அறிமுகப்படுத்திக்கொண்டவர்.

மில்லரின் கட்டுரை நடுவில் கடினமாகிறது. மைக்கேல் டம்மெட் இந்த விவாதத்தை 'என்ன இருக்கிறது' என்பதிலிருந்து 'வாக்கியத்தின் பொருள் என்ன' என்பதற்கு நகர்த்திய பகுதியை நான் மூன்று முறை படித்தேன். டம்மெட் முன்பு ஓரிடத்தில் தந்த எடுத்துக்காட்டு மனத்தில் இருந்ததால் பிழைத்தேன். வாழ்நாளில் ஒருமுறைகூட ஆபத்தைச் சந்திக்காமல் இறந்துபோன ஒருவர் துணிவுள்ளவராக இருந்தாரா? அறிவதற்கு எந்த வழியும் இல்லாதபோதும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்பவற்றுள் ஒன்று உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்று கருதுபவர் டம்மெட்டின் கணக்கில் யதார்த்தவாதி. சரிபார்க்க வழியே இல்லாத உண்மை என்ற ஒன்றை நாம் எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்று கேட்பவர் அதை மறுப்பவர். இப்படி ஓர் எடுத்துக்காட்டை மில்லர் இந்த இடத்தில் கையோடு வைத்திருந்தால் வாசகர் பலர் வழியில் இறங்கிப்போகாமல் இருந்திருப்பார்கள்.

நான் படித்தவற்றுள் மிகச் சிறந்தது அஞ்சன் சக்கரவர்த்தி எழுதிய அறிவியல் யதார்த்தவாதம் பற்றிய கட்டுரை. அறிவியல் ஆராயும் உலகம் நம் மனத்தைச் சாராமல் இருக்கிறது. கோட்பாடுகளின் கூற்றுகளைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பொருள்கொள்ள வேண்டும். அப்படிப் பொருள்கொண்ட கூற்றுகள் உலகைப் பற்றிய அறிவைத் தருகின்றன. இந்த மூன்று அடுக்குகளையும் அவர் தனித்தனியே எடுத்துவைப்பதால், எதிர்ப்பவர் எந்த அடுக்கில் கல்லெறிகிறார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பாஸ் வான் ஃப்ராஸன் 1980இல் முன்வைத்த வாதத்தை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு அடுக்குகளோடு அவருக்குச் சண்டை இல்லை. கண்ணுக்குப் புலப்படாத எலக்ட்ரானைப் பற்றிக் கோட்பாடு சொல்வது உண்மை என்று நம்ப வேண்டியதில்லை, புலப்படும் நிகழ்வுகளை அது சரியாகக் காட்டினால் போதும் என்பதே அவர் நிலை.

யதார்த்தவாதத்துக்குச் சார்பான பெரிய வாதம் ஹிலாரி பட்னம் 1975இல் சொன்னது: அறிவியலின் வெற்றியை ஓர் அதிசயமாக ஆக்கிவிடாத ஒரே மெய்யியல் யதார்த்தவாதமே. எதிர்வாதம் 1981இல் லாரி லாவ்டனிடமிருந்து வந்தது. தம் காலத்தில் நன்றாக வேலைசெய்து பிறகு பொய்யென்று கைவிடப்பட்ட கோட்பாடுகள் வரலாற்றில் நிறைய உண்டு. அப்படியிருக்க இன்றைய கோட்பாடு மட்டும் தப்பும் என்று நம்ப என்ன உரிமை என்று அவர் கேட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் 1989இல் ஜான் வொர்ரல் பிடித்த இடம்தான் அமைப்பு யதார்த்தவாதம். ஒளி என்பது ஈதர் என்னும் ஊடகத்தில் எழும் அதிர்வு என்று இயற்பியலாளர் ஃப்ரெனல் நினைத்தார். அந்த ஈதர் போய்விட்டது. ஆனால் எதிரொளிக்கும், விலகும் ஒளியைப் பற்றி அவர் எழுதிய சமன்பாடுகள் மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டில் அப்படியே வந்து அமர்ந்தன. பொருளைப் பற்றிச் சொன்னது போயிற்று, உறவைப் பற்றிச் சொன்னது நின்றது. களஞ்சியத்தில் இதற்குத் தனிக் கட்டுரை உண்டென்றாலும், முதல்முறை படிப்பவருக்குச் சக்கரவர்த்தியின் சுருக்கமே போதும். பட்னமே பின்னாளில் தம் பழைய நிலையைக் கைவிட்டு, அதற்கும் பின்னாளில் வேறொரு வடிவில் யதார்த்தவாதத்துக்குத் திரும்பினார் என்பதை இங்கே நினைவூட்டலாம். இந்தத் துறையில் ஒருவரை யதார்த்தவாதி என்று எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்பானது.

அடுத்து நான் படித்த இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஒன்று ஜெஃப் செயர்-மெக்கார்ட் எழுதிய அற யதார்த்தவாதம். வாக்கைக் காப்பாற்றும் கடமை ஒருவருக்கு உண்டு என்ற கூற்றையும், ஒரு பூனை கறுப்பு என்ற கூற்றையும் அவர் தொடக்கத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் ஓர் உண்மை நிலையைச் சொல்ல வருகின்றன. சொன்னபடி இருந்தால் இரண்டும் உண்மை. அறக்கூற்றை இப்படி எடுத்துக்கொண்டு, சில அறக்கூற்றுகளாவது உண்மையாகவே உண்மை என்று கருதுபவரே அற யதார்த்தவாதி. மற்றது பன்னாட்டு உறவுகளில் அரசியல் யதார்த்தவாதம். கி.மு. 416இல் மெலோஸ் தீவினரிடம் ஏதென்ஸின் தூதர்கள் நீதியைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு வலிமையைப் பற்றி மட்டும் பேசியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவுசெய்த உரையாடல் முதல், மாக்கியவெல்லி, ஹாப்ஸ் வழியாக, இருபதாம் நூற்றாண்டின் பன்னாட்டு உறவு அறிஞர்களான இ. எச். கார், ஹான்ஸ் மார்கென்தாவ், கென்னத் வால்ட்ஸ் வரை அது நடக்கிறது. இங்கே யதார்த்தவாதி என்பவர், நாடுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் இல்லாத உலகில் அதிகாரமும் நலனுமே நடத்தையைத் தீர்மானிக்கின்றன, அறத்தைக் கொண்டு அதை விளக்க முயல்வது ஏமாற்றத்தில் முடியும் என்று கருதுபவர்.

ஒரே பெயர்; ஒருவர் அறம் பாறையைப் போல் இருக்கிறது என்கிறார், மற்றவர் அறத்தை நம்பிக் கணக்குப் போடாதே என்கிறார். இருவரும் எதிரிகளா என்றால் அதுவும் இல்லை. அறக்கடமைகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் அரசுகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை என்று ஒருவர் இரண்டையும் ஒருசேர ஏற்கலாம். முதலாவது என்ன இருக்கிறது என்பது பற்றியது. இரண்டாவது எது இயக்குகிறது என்பது பற்றியது. இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு கட்டுரைகளில் எதுவும் வாய் திறப்பதில்லை, ஏனெனில் ஒன்றை அறவியலாரும் மற்றதை அரசியல் அறிஞரும் தத்தம் வீட்டுக்குள் இருந்து எழுதியிருக்கிறார்கள். நான் களஞ்சியத்தின் மீது வைக்கும் பெரிய குறை இதுதான்.

அரசியல் யதார்த்தவாதியைப் போர்ப்பிரியர் என்று எண்ணும் பழக்கத்தையும் இந்த வாசிப்பு உடைத்தது. வியட்நாம் போரில் அமெரிக்கா ஈடுபட்டதை வெளிப்படையாக எதிர்த்தவர் மார்கென்தாவ். 2002 செப்டம்பரில், ஈராக் மீதான போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டண விளம்பரம் வெளியிட்டுக் கையொப்பமிட்ட 33 அறிஞர்களில் வால்ட்ஸ், மியர்ஷைமர் போன்ற யதார்த்தவாதிகள் இருந்தார்கள். நலனைக் கணக்கிடச் சொல்பவர், கணக்கு உதைக்கும்போது 'வேண்டாம்' என்றும் சொல்வார்.

என் கணித அறிஞரை மீட்டுத் தந்தது நடுக்காலத்துப் பொதுமைகள் பற்றிய கட்டுரை. பல சிவப்புப் பொருள்களுக்கு அப்பால் 'சிவப்பு' என்று பொதுவாக ஒன்று இருக்கிறதா, அல்லது அது வெறும் பெயர்தானா என்ற பழைய வழக்கில், இருக்கிறது என்றவர்தான் யதார்த்தவாதி. பெயர்தான் என்றவர் நாமவாதி. பிளேட்டோ வழிவந்த இந்தப் பொருளில், கையால் தொட முடியாததை உண்மை என்பவரே யதார்த்தவாதி ஆகிறார். அன்றாட வழக்கில் நாம் யதார்த்தவாதி என்று அழைக்கக்கூடிய, கண்ணால் காணும் தனிப்பொருள்கள் மட்டுமே உண்டு என்பவர், அந்த வழக்கில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கிறார். எண்கள் உண்மையாக உள்ளன என்பவரை யதார்த்தவாதி என்று அழைப்பதன் மரபு இங்கிருந்து வருகிறது.

புலன்காட்சி பற்றிய கட்டுரையில் வெகுளி யதார்த்தவாதம் என்ற ஒன்று வருகிறது: நாம் காண்பது பொருளின் நிழலை அல்ல, பொருளையே என்ற கொள்கை. பெயரில் வெகுளித்தனம் இருந்தாலும் இன்று அதைத் திறமையாக வாதாடுபவர்கள் மெய்யியலில் இருக்கிறார்கள். சமூக உளவியலில் லீ ராஸ் முதலியோர் இதே பெயரை ஒரு குறைபாட்டுக்கு வைத்தார்கள்: உலகை உள்ளபடி காண்பவன் நான், என்னோடு ஒத்துப்போகாதவருக்கு விவரம் தெரியவில்லை அல்லது ஓரவஞ்சனை இருக்கிறது என்ற எண்ணம். 'நான் ஒரு யதார்த்தவாதி' என்று தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்பவரைச் சந்திக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது பொருள்தான். மெய்யியல் கட்டுரை அந்தப் பக்கம் போகவில்லை. போகவேண்டிய கடமை அதற்கு இல்லை என்றாலும், ஒரு வரி இருந்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும்.

நியாயத் தரிசனத்தாரின் நேரடியான புலன்காட்சிக் கொள்கையும், வெளிப்பொருள் இல்லாமலேயே கனவில் அனுபவம் நிகழவில்லையா என்று கேட்ட பௌத்த மெய்யியலாளர் வசுபந்துவின் வாதங்களும் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆனால் அவை இந்திய மெய்யியல் என்ற தனி வாசலில் இருக்கின்றன. பொதுக் கட்டுரை அவர்களை அழைக்காமலேயே தன் பந்தியை முடித்துக்கொள்கிறது. யதார்த்தம் என்ற சொல்லையே ஒரு கலைச்சொல்லாகச் செதுக்கியவர்களுக்கு யதார்த்தவாதம் பற்றிய பொது விவாதத்தில் இடம் இல்லாதது எனக்கு உறுத்தியது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைசேடிகரும் பூதவாதியும் மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து தங்கள் கொள்கையைத் தாங்களே சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரு தலைப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற களஞ்சியத்தின் முறையில் அந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பின் குரலும் அந்த ஒருவரின் வாய்வழியாகவே நமக்குக் கேட்கிறது.

சட்டத் துறை யதார்த்தவாதத்தை நான் சந்தித்தது சட்ட மெய்யியலில் இயற்கைவாதம் என்ற கட்டுரைக்குள். சட்டநூலின் விதிகளைவிட, வழக்கின் உண்மை விவரங்களுக்கு நீதிபதிகள் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதைப் பார் என்றவர்கள் இவர்கள். மில்லரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், விதிகளைப் பற்றி இவர்கள் யதார்த்தவாதத்தை மறுப்பவர்களின் பக்கம் சாய்கிறார்கள். ஓவியரின் யதார்த்தவாதம் நான் படித்த பக்கங்களில் இல்லை. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் தேர்வுக் குழு தம் ஓவியங்கள் சிலவற்றை நிராகரித்தபோது, அருகிலேயே 'யதார்த்தவாதம்' என்று பெயரிட்டுத் தனிக் கூடம் அமைத்த பிரெஞ்சு ஓவியர் கூர்பேயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறிடம் போகவேண்டும். அவருக்கு அந்தச் சொல், மனத்துக்கு வெளியே உலகம் உண்டா என்ற கேள்வியோடு தொடர்பற்றது. எவரைப் பெரிய அளவில் வரையத் தகுந்தவர் என்று கருதுவது என்ற கேள்வியோடு தொடர்புடையது.

இத்தனையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். களஞ்சியம் 'எதைப் பற்றிய யதார்த்தவாதி' என்று கேட்கக் கற்றுத்தருகிறது. 'எவருக்கு எதிரான யதார்த்தவாதி' என்ற கேள்வியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சொல் ஒவ்வொரு துறையிலும் தன் உருவத்தை எதிராளியிடமிருந்தே பெறுகிறது. இதில் தமிழ் நமக்கு ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐடியலிஸ்ட்' (idealist) என்று ஒரே சொல்லாக இருக்கும் எதிராளியை நாம் கருத்துமுதல்வாதி, இலட்சியவாதி என்று எப்போதோ இரண்டாகப் பிரித்துவிட்டோம். கலையில் எதிராளி கற்பனாவாதி. யதார்த்தவாதியை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டோம். அந்த வசதியோடு ஒரு சிக்கலும் வந்தது. கருத்துமுதல்வாதத்துக்கு இணையாகப் பொருள்முதல்வாதத்தையே படித்துப் பழகியவர்கள், யதார்த்தவாதி என்றால் பொருள்முதல்வாதி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆன்மாவை ஏற்ற நியாயத் தரிசனத்தாரும், புலனுக்கு எட்டாத வடிவங்களை ஏற்ற பிளேட்டோவும் யதார்த்தவாதிகளே. அவர்களில் எவரும் பொருள்முதல்வாதி அல்லர்.

பயன்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். பக்கங்கள் எளிமையாக, விளம்பரம் இல்லாமல் இருக்கின்றன. கைபேசியிலும் படிக்க முடிகிறது, ஆனால் நீண்ட கட்டுரைகளுக்குப் பெரிய திரையே ஏற்றது. அச்சுக்கு ஏற்ற பிடிஎஃப் வடிவம் வேண்டுமானால் உறுப்பினராகச் சேரவேண்டும். மற்ற எல்லாமே திறந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் உள்ள தொடர்புடைய தலைப்புகளின் பட்டியல் மிகவும் பயனுள்ளது, அதோடு ஆபத்தானதும்கூட. ஒரு மாலையில் ஏழெட்டுக் கட்டுரைகளைத் திறந்துவைத்துவிட்டு ஒன்றையும் முடிக்காமல் எழுந்த நாள்கள் எனக்கு உண்டு. ஆங்கில உரைநடை சில இடங்களில் துறை அறிந்தவரை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. முதலாண்டு மாணவர் சக்கரவர்த்தியையும் செயர்-மெக்கார்ட்டையும் சமாளித்துவிடுவார். மில்லரின் பிற்பகுதிக்கு ஆசிரியர் ஒருவரின் துணை தேவைப்படும். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட நல்ல துணை கட்டணமின்றிக் கிடைப்பது அரிது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

என் கட்டுரைக்குத் திரும்பியபோது கணித அறிஞரை 'எண்கள் மனத்தைச் சாராமல் உள்ளன என்னும் கொள்கையுடையவர்' என்று மாற்றினேன். நீளம்தான், ஆனால் கேலி போய்விட்டது. ஓவியரை நடப்பியல் ஓவியர் ஆக்கினேன். வெளியுறவுக் கொள்கையாளரை யதார்த்தவாதியாகவே விட்டுவிட்டு, முதல் வருகையில் 'அதிகாரச் சமநிலையை முதன்மையாகக் கருதும்' என்ற அடைமொழியைச் சேர்த்தேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நான்காவது முறையாகவும் அந்தச் சொல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அங்கே ஆசிரியர் தம்மையே யதார்த்தவாதி என்று சொல்லிக்கொள்கிறார், எதைப் பற்றி என்று சொல்லவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.